பரீட்சை மண்டபத்திற் கணக்குப் பொறி

'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பது நம் நாட்டுப் பழமொழி. கடலையே வயலாகக் கொண்டு வாழும் தூத்துக்குடியார்க்கு இப்பழமொழியின் பொருள் ஏனையோரினும் நன்கு விளங்கும். உப்பளத்திற் குவியும் உப்பும், மீன்பிடி துறைமுகத்தில் ஏலத்திற்கு வரும் மீனும், தோணியில் ஏறும் சரக்கும், பெரிய துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரியும் எண்ணியும் நிறுத்தும் கணக்கில் ஏறிய பின்னரே பணமாகின்றன. ஆதலின் கணக்கைப் பற்றி ஒரு கேள்வி எழும்போது, அது பள்ளிக்கூடத்து வாத்தியார்களுக்கு மட்டும் உரிய வழக்கு என்று நம் ஊரார் ஒதுக்கிவிடல் இயலாது.

அத்தகைய கேள்வி ஒன்று அண்மையில் எழுந்தது. 2025ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வி அமைச்சர் திரு. அன்பில் மகேஸ் பொய்யாமொழி அவர்கள் 2026 மார்ச்சு மாதத்திற்குரிய பொதுப் பரீட்சைகளின் கால அட்டவணையை வெளியிட்டார்கள். அப்பொழுது, மேல்நிலை இரண்டாம் ஆண்டில் கணக்குப் பதிவியல் எழுதும் மாணாக்கர் கால்குலேட்டர் என்னும் கணக்குப் பொறியைப் பரீட்சையிற் பயன்படுத்தலாம் என்னும் அறிவிப்பும் வெளிவந்தது. கணிதப் பரீட்சைக்கு இவ்வனுமதி இல்லை. பதிவேடும் பேரேடும் கற்கும் பாடத்திற்கே தரப்பட்டது. சிறு செய்திதான், எனினும் இச்சிறு செய்தியின் உள்ளே கல்வியின் நோக்கம் யாது என்னும் பெருங்கேள்வி அடங்கிக் கிடக்கின்றது.

இச்செய்தி வந்த நாள்முதல் ஆசிரியர் கூடுமிடங்களில் இரு கட்சிகள் தோன்றின. பொறி உள்ளே வந்தால் மூளை வெளியே போய்விடும் என்பது ஒரு கட்சி. உலகமெல்லாம் பொறியாற் கணக்கிடும் காலத்தில் மாணாக்கனை மட்டும் விரல்விட்டு எண்ணச் சொல்வது கொடுமை என்பது மற்றொரு கட்சி. நாம் நெடுநாள் முதற் கட்சியைச் சேர்ந்தவராய் இருந்தோம் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. இப்பொழுது அக்கட்சியினின்றும் விலகிவிட்டோம். ஆயினும் இரண்டாங் கட்சியாரோடு முற்றும் கலந்துவிட்டோமல்லோம். எம்முடைய நிலை இது: கணக்குப் பொறியை அனுமதித்தது நன்று, ஆனால், எல்லார் கையிலும் ஒரே தன்மையுள்ள பொறி இருத்தலும், பொறி காட்டும் விடையை மதிப்பிடும் பயிற்சியை ஒவ்வொரு மாணாக்கனும் முன்னரே பெற்றிருத்தலும் ஆகிய இவ்விரண்டும் இல்லையேல், அவ்வனுமதி எளியோர்க்கு நன்மை போலத் தோன்றித் தீமையாய் முடியும்.

முதலில், அனுமதியை எதிர்ப்பார் கூறுவதை நேர்மையுடன் கேட்போம். கல்லூரிக்கு வரும் இளைஞர் சிலர் ஏழெட்டு ஐம்பத்தாறு என்பதற்கும் கைப்பேசியை எடுக்கின்றனர். கடைக்காரர் தரும் மீதிச் சில்லறை சரியா என்று பார்க்க அறியாதாரும் உளர். வாய்பாடு நாவில் இல்லாதவனுக்குப் பின்னக் கணக்கு விளங்காது. பின்னம் விளங்காதவனுக்கு விகிதம் விளங்காது. விகிதம் விளங்காதவன் கூட்டாளிகளுக்கு இலாபத்தைப் பங்கிடுவது எங்ஙனம்? அடித்தளம் இல்லாமல் மாடி எழுப்பலாகாது என்று அவர்கள் கூறுவதில் உண்மை உண்டு. அதனை நாம் மறுக்கவில்லை.

ஆனால், பரீட்சை மண்டபத்தில் எக்காலத்தும் வெறுங்கையும் வெறுந்தலையுமே செல்லவேண்டும் என்னும் விதி உண்மையில் இருந்ததுண்டோ? இல்லை. ஸ்காத்லாந்து தேசத்து ஜான் நேப்பியர் 1614ஆம் ஆண்டில் மடக்கை அட்டவணையை வெளியிட்டார். பெருக்கலைக் கூட்டலாகவும் வகுத்தலைக் கழித்தலாகவும் மாற்றிய அவ்வட்டவணை, அக்காலத்திற்கு ஒரு கணக்குப் பொறியே ஆகும். வான நூலாரும் மாலுமிகளும் அதனை வாழ்த்திக் கையாண்டனர். நம் நாட்டுப் பரீட்சைகளிலும் அதற்கு இடமளிக்கப்பட்டது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பௌதிக வினாத்தாள்களிலே கணக்குப் பொறிக்கு அனுமதியில்லை என்றும், வேண்டுவோர் மடக்கை அட்டவணையைக் கொள்ளலாம் என்றும் அடுத்தடுத்து அச்சிட்டிருப்பதைப் பலர் கண்டிருப்பர். அட்டவணை உதவியாயின் பொறியும் உதவியே. பொறியியல் மாணாக்கர் சட்டைப்பையில் நகர்கோல் வைத்திருந்த காலமும் ஒன்றுண்டு. 1972ஆம் ஆண்டில் கையடக்கமான மின்னணு அறிவியற் பொறி சந்தைக்கு வந்தபின்னர் அந்நகர்கோல் சில ஆண்டுகளில் மறைந்தது. அதனாற் பாலங்கள் இடிந்து விழவுமில்லை.

நம் முன்னோர் வழக்கையும் சிறிது நினைவு கூர்வோம். திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சிறுவர் எண்சுவடியைச் சந்தமாக ஓதினர். கால், அரை, மா, காணி, முந்திரி என்று 320இல் ஒரு பங்குவரை இறங்கும் கீழ்வாய் இலக்கங்களை மனப்பாடம் செய்தனர். அது வீண் மனப்பாடமன்று. நெல்லும் பொன்னும் நிலமும் அப்பின்னங்களாலேயே அளக்கப்பட்டமையின், அது சந்தைக்குச் செல்லும் வழித்துணையாய் இருந்தது. 1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் அணாவும் பைசும் போய்ப் புதிய பைசா வந்தது. படியும் மரக்காலும் மெல்லமெல்ல மறைந்து கிலோவும் லிட்டரும் நிலைத்தன. முந்திரி வாய்பாட்டை இன்று எவரும் கற்பிப்பதில்லை. அதனைக் கல்லாதவன் மூடன் என்று எவரும் சொல்வதுமில்லை. எதனை நெஞ்சில் நிறுத்துவது, எதனைக் கருவியிடம் விடுவது என்பது காலந்தோறும் மாறுவதே என்பதற்கு இஃது ஒரு சான்று.

'இராமாநுஜன் எந்தப் பொறியை வைத்துக்கொண்டு கணக்கிட்டார்?' என்று சிலர் கேட்பர். துறைமுக ஊரினராகிய நமக்கு அப்பெருமகனாரிடத்து ஒரு தனி உரிமை உண்டு. அவர் 1912ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவிலே மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தராய் அமர்ந்தவர். அவர் கற்பலகையில் எழுதி எழுதி அழித்தது காகிதம் வாங்கப் பொருளில்லாமையால். கற்பலகை காகிதத்தினும் உயர்ந்தது என்பதனாலன்று. வறுமையால் நேர்ந்ததை விரதம்போலப் போற்றி, அதனையே பிள்ளைகளுக்கு விதியாக்குதல் தகாது. மேலும், அவரை உலகம் கொண்டாடுவது துறைமுகப் பேரேட்டின் பத்திகளைப் பிழையின்றிக் கூட்டினமைக்காகவோ? அன்று. எண்களினிடையே பிறர் காணாத உறவைக் கண்டமைக்காகவே.

நிற்க. கணக்குப் பதிவியல் என்னும் பாடம் மாணாக்கனிடத்து எதனைச் சோதிக்கின்றது? ஒரு தொகை பற்றா வரவா என்று அறிதல். ஒரு செலவு முதலினத்தைச் சார்ந்ததா வருவாயினத்தைச் சார்ந்ததா என்று பிரித்தல். புதிய கூட்டாளி ஒருவர் சேரும்போது பழைய கூட்டாளிகளின் தியாக விகிதம் யாது, நற்பெயரின் மதிப்பை எங்ஙனம் பகிர்வது என்று ஆராய்தல். தேய்மானத்தை நேர்க்கோட்டு முறையிற் போடுவதா, குறைந்துசெல் மதிப்பு முறையிற் போடுவதா என்று தெளிதல். இவையே அப்பாடத்தின் உயிர். ஆறிலக்க எண்ணை மூன்றிலக்க எண்ணால் வகுத்தல் அதன் உயிரன்று. மூன்று மணி நேரத்தில் 90 மதிப்பெண்ணுக்கு எழுதவேண்டிய ஒரு மாணாக்கி, விடையின் வழியை நன்கறிந்தும், நீண்ட வகுத்தலில் ஓர் இலக்கத்தைத் தவறவிட்டு, இருநிலைக் குறிப்பின் இருபக்கமும் ஒவ்வாமற் போகத் திகைத்து, அரைமணி நேரத்தை இழந்து அழுதுகொண்டு வெளியேறுவதை நாம் கண்டிருக்கின்றோம். அவள் அறியாமையையா அப்பரீட்சை அளந்தது? அவள் கைந்நடுக்கத்தை அல்லவா அளந்தது!

பட்டயக் கணக்கர் ஆவதற்குரிய பரீட்சைகள் நம் நாட்டில் மிகக் கடியன என்பது யாவரும் அறிந்தது. அவற்றை நடத்தும் இந்தியப் பட்டயக் கணக்கறிஞர் கழகம், ஆறு செயல்களுக்கும் பன்னிரண்டு இலக்கங்களுக்கும் இரண்டு நினைவகங்களுக்கும் மேற்படாத எளிய பொறியை மண்டபத்திற்குள் அனுமதிக்கின்றது. அப்பொறியினால் அப்பரீட்சை எளிதாகிவிடவில்லை; தேறாதவர் தொகை இன்றும் பெரிதே. தொழிலின் தலைவாயிலிலே அனுமதிக்கப்படும் கருவியை அத்தொழிலின் முதற்படியில் நிற்கும் பள்ளிச் சிறாருக்கு மறுப்பது என்ன நியாயம்?

எண்ணுவது வேறு, மதிப்பது வேறு என்பதற்கு நம் கரைக்கே உரியதோர் எடுத்துக்காட்டு உண்டு. 1961ஆம் ஆண்டோடு நம் கடலில் முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. ஆனால் முத்தை மதித்த முறை நூல்களில் இருக்கின்றது. மன்னார் வளைகுடாவின் இலங்கைக் கரையிலே நிகழ்ந்த முத்துக்குளிப்பைப் பற்றி 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் எழுதிய குறிப்புகளிற் காணப்படுவது இது. முத்துக்களை முதலில் 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000 என்று துளைகள் மிகுந்து செல்லும் பத்துப் பித்தளைச் சல்லடைகளில் இட்டுப் பருமன்வாரியாகப் பிரிப்பர். பின்னர் வடிவும் ஒளியும் நோக்கி ஆணி முதலாகத் தரம் வகுப்பர். அதன்பின் கழஞ்சும் மஞ்சாடியும் கொண்டு நிறுப்பர். மஞ்சாடி இருபது கொண்டது ஒரு கழஞ்சு. உயர்ந்த தரத்து முத்தாயின், அதன் நிறையை மஞ்சாடியிற் கண்டு, அதனை அதனாலேயே பெருக்கி, அதில் நாலில் ஒரு பங்கைத் தள்ளி, எஞ்சியதை முத்தின் தொகையால் வகுப்பர். வருவது, அக்குறிப்புகளில் 'செவோ' என்று எழுதப்பெற்ற மதிப்பலகு. ஒரு செவோவுக்கு இன்ன விலை என்று சந்தை தீர்மானிக்கும்.

இதனை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். நான்கு முத்துக்கள் சேர்ந்து எட்டு மஞ்சாடி நிறை நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். எட்டெட்டு 64, நாலில் ஒரு பங்கு தள்ள 48, நான்கால் வகுக்க 12. அதே எட்டு மஞ்சாடி ஒரே முத்தாய் இருப்பின், 48ஐ ஒன்றால் வகுக்க 48. நிறை ஒன்றே, மதிப்போ நான்கு மடங்கு. பெரிய முத்து அரிது, அரியது பெறுமதி மிக்கது என்னும் உலகியல் உண்மையை அவ்வணிகர் ஒரு பெருக்கலிலும் ஒரு வகுத்தலிலும் அடக்கிவைத்தனர். பெருக்கலையும் வகுத்தலையும் இன்று இருநூறு ரூபாய்ப் பொறி இமைப்பொழுதிற் செய்துவிடும். ஆனால் நிறையை ஏன் நிறையாலேயே பெருக்கவேண்டும், எம்முத்து ஆணி, எம்முத்து அன்று என்று எப்பொறியும் சொல்லாது. அதனைக் கண்ணும் கருத்துமே சொல்லவேண்டும். கற்பிக்கத் தக்கது அக்கண்ணும் கருத்துமே; சோதிக்கத் தக்கதும் அதுவே.

இத்துணையும் அனுமதிக்குச் சார்பாகக் கூறினோம். இனி, அதன் மறுபுறத்தையும் காட்டுவோம்.

மடக்கை அட்டவணைக்கும் கணக்குப் பொறிக்கும் பெரிய வேறுபாடு ஒன்றுண்டு. அட்டவணையில் 4.913 என்னும் எண்ணுக்கும் 4,91,300 என்னும் எண்ணுக்கும் காணும் இலக்கங்கள் 6913 என்பனவே. முன்னதற்கு முழுவெண் 0 என்றும் பின்னதற்கு 5 என்றும் மாணாக்கனே தன் அறிவால் முன்னே இடவேண்டும். இலக்கத்தை அட்டவணை தரும். இடத்தை அவன் தலை தரவேண்டும். ஆகவே, அட்டவணையைக் கையாண்டவன் ஒவ்வொரு முறையும், 'இவ்விடை ஆயிரத்தில் நிற்குமா, இலட்சத்தில் நிற்குமா?' என்று தன்னைத்தானே வினவிக்கொண்டான். பொறியோ இலக்கத்தையும் இடத்தையும் சேர்த்தே காட்டிவிடுகின்றது. அவ்வினாவை எழுப்பும் தேவையை நீக்கிவிடுகின்றது. நாம் இழப்பது பெருக்கும் திறமையை அன்று. அளவை முன்கூட்டி உணரும் திறமையையே.

அது எவ்வளவு பெரிய இழப்பு என்பதைப் பாருங்கள். எட்டு இலட்ச ரூபாய்க்கு வாங்கிய இயந்திரம் ஒன்றுக்கு, குறைந்துசெல் மதிப்பு முறையில் ஆண்டுக்கு 15 விழுக்காடு தேய்மானம் போடவேண்டும் என்க. முதலாண்டின் முடிவில் 6,80,000. இரண்டாம் ஆண்டின் முடிவில் 5,78,000. மூன்றாம் ஆண்டின் முடிவில் 4,91,300 நிற்கும். பொறியில் ஒரு புள்ளியை மாற்றி அழுத்தியவனுக்கு 49,130 என்று வரும். அளவை உணர்ந்தவன் உடனே ஐயுறுவான். ஆண்டுதோறும் முதல் மதிப்பில் 15 விழுக்காடு கழித்தாலுங்கூட மூன்றாண்டில் 45 விழுக்காடே போகும், 4,40,000 எஞ்சும். குறைந்துசெல் முறையில் அதனினும் மிகுதியாகவே எஞ்சவேண்டுமன்றோ என்று அவன் எண்ணுவான். அளவை உணராதவனோ 49,130 என்று அழகாக எழுதி, அடிக்கோடும் இட்டு, அடுத்த வினாவுக்குச் செல்வான். பரீட்சையில் அஃது இரண்டு மதிப்பெண் இழப்பு. துறைமுகத்துச் சரக்கு அலுவலகத்திலாயின் வேலை இழப்பு.

எம் கருத்து மாறியதற்குக் காரணமாகிய ஒரு நிகழ்ச்சியை இங்குக் கூறவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், பொறிக்கு இடமளித்த ஒரு வகுப்புச் சோதனையை நாம் நடத்தினோம். முதல் 12,000 ரூபாயோடு, ஆண்டுக்கு 8,000 வீதம் மூன்றாண்டு இலாபத்தைச் சேர்த்துக் காணவேண்டிய பகுதி ஒன்று அவ்வினாவில் வந்தது. விடை 36,000. உப்பளத்திற் கூலிவேலை செய்யும் குடும்பத்திலிருந்து வந்த மாணாக்கி ஒருத்தி 60,000 என்று எழுதியிருந்தாள். வழி சரியாக இருந்தது. விடை மட்டும் பிழை. 'பொறியைக் கையில் வைத்துக்கொண்டும் இப்படியா?' என்று வகுப்பார் நடுவே நாம் சினந்தோம். அவள் தலை கவிழ்ந்து, 'ஐயா, இதில் அப்படித்தான் வருகிறது' என்று மெல்லச் சொன்னாள். பொறியை வாங்கி நாமே அழுத்தினோம். 12,000 கூட்டல் 8,000 பெருக்கல் 3 என்று அழுத்த, அதுவும் 60,000 என்றே காட்டியது!

பின்னர் விசாரித்தபோதுதான் உண்மை விளங்கிற்று. அவள் கொண்டுவந்தது தெருமுனை மளிகைக் கடையில் இரவலாகப் பெற்ற எளிய பொறி. அவ்வகைப் பொறி அழுத்திய வரிசைப்படியே கணக்கிடும். முதலில் 20,000 என்று கூட்டி, பின்னரே மூன்றாற் பெருக்கிவிடும். மற்ற மாணாக்கர் பலர் கொண்டுவந்தது அறிவியற் பொறி. அது கூட்டலுக்கு முன்னே பெருக்கலைச் செய்யும் விதியை அறிந்தது. ஆதலின் அதே பொத்தான்களை அதே வரிசையில் அழுத்தியவர்க்கு 36,000 என்று சரியாகவே வந்தது. அவர்கள் அவளினும் மிகுதியாக அறிந்தவரல்லர். அவர்களுடைய பொறி மிகுதியாக அறிந்திருந்தது. அவ்வளவே. பிழை அவளுடையதன்று, பொறிகளின் வேறுபாட்டைக் கற்பியாது சோதனை வைத்த எம்முடையதே. அன்று அவளிடம் வகுப்பார் முன்னிலையிலேயே மன்னிப்புக் கேட்டோம். அவள் சிரித்தாள், ஆனால் நமக்கு அந்நாள் மறக்கவில்லை.

அந்நிகழ்ச்சி எமக்கு இரண்டு பாடம் கற்பித்தது. ஒன்று, பொறியும் கற்பிக்க வேண்டிய பொருளே. கையிற் கொடுத்தாற் போதாது. மற்றொன்று, அவரவர் பொறியை அவரவர் கொண்டுவரலாம் என்னும் விதி, பார்வைக்குச் சமநீதி போன்றிருந்தும், உடையவர்க்கு ஒன்றும் இல்லாதவர்க்கு ஒன்றுமாய் இருவேறு பரீட்சைகளை ஒரே மண்டபத்தில் நடத்திவிடும். பொறியியல் மேற்படிப்புக்குரிய கேட் என்னும் நுழைவுப் பரீட்சையை நடத்துவோர் இதற்கொரு நல்வழி கண்டனர். 2016ஆம் ஆண்டு முதல் எவரும் தம் பொறியைக் கொண்டுவரலாகாது என்று விதித்து, கணினித் திரையிலேயே எல்லார்க்கும் ஒரே கணக்குப் பொறியை அமைத்துக் கொடுத்தனர். செல்வன் மகனும் கூலியாளன் மகளும் அழுத்துவது ஒரே பொத்தான். அதுவன்றோ நீதி!

பிற நாட்டார் செய்வதையும் நோக்குவோம். சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி இறுதிப் பரீட்சையின் கணிதப் பாடத்தில், 2009ஆம் ஆண்டு முதல் இரண்டாந் தாளுக்கு மட்டும் பொறியை அனுமதித்தனர். முதல் தாளைக் கையாலேயே எழுதவேண்டும். இங்கிலாந்தில், பதினொரு வயதுச் சிறார் எழுதும் கணிதச் சோதனையில் முன்பு இருந்த அனுமதியை 2014ஆம் ஆண்டில் நீக்கினர். ஆனால் பதினாறு வயதினர் எழுதும் பரீட்சையில் ஒரு தாள் பொறியின்றியும் இரண்டு தாள்கள் பொறியுடனும் நடைபெறுகின்றன. ஒருவர் கொடுத்ததும் மற்றவர் எடுத்ததும் முரண்போலத் தோன்றலாம். இரண்டிலும் உள்ள கருத்து ஒன்றே. கருவியின்றிச் செய்யவேண்டியதும் உண்டு, கருவியோடு செய்யவேண்டியதும் உண்டு. இரண்டையும் தனித்தனியே சோதிக்கவேண்டும் என்பதே அது.

இவற்றையெல்லாம் சீர்தூக்கி, நாம் வேண்டுவன நான்கு. முதலாவது, பரீட்சைக்குரிய பொறி ஒரே வகையினதாய் இருத்தல்; மடக்கை அட்டவணையை மண்டபத்திலே வழங்குவதுபோல அதனையும் வழங்குதல்; அன்றியும், கல்வியாண்டின் தொடக்கத்திலேயே பள்ளிதோறும் அதே வகைப் பொறியைப் பயிற்சிக்கெனக் கொடுத்தல். இரண்டாவது, விதியை ஆண்டின் நடுவே அறிவியாது, பாடம் தொடங்குமுன்னர் அறிவித்தல். நவம்பரில் அறிவித்து மார்ச்சில் எழுதச் செய்தால், பழகினோர்க்கும் பழகாதார்க்கும் இடையே வேற்றுமை மிகும். மூன்றாவது, வினாத்தாளைத் திருத்துதல். பொறி வந்தபின்னும் வெறும் பெருக்கலையே கேட்பது, தோணிக்கு இயந்திரம் பூட்டியபின்னும் துடுப்பு வலிக்கும் போட்டி வைப்பதை ஒக்கும். 'இவ்விடை பொருந்துமா? ஏன் பொருந்தாது?' என்று கேட்கும் வினாக்கள் பெருகவேண்டும். வழிமுறைக்கு உரிய மதிப்பெண்ணும் உயரவேண்டும். நான்காவது, எட்டாம் வகுப்புவரை பொறியைத் தொடாது வாய்பாட்டையும் உத்தேச மதிப்பையும் உறுதியாகக் கற்பித்தல். கணக்கிடுவதிலேயே இயற்கையான இடர்ப்பாடு உடைய பிள்ளைகளுக்கு மட்டும் இதில் விலக்கு வேண்டும். மத்திய இடைநிலைக் கல்வி வாரியமும் சிறப்புத் தேவையுடைய மாணாக்கர்க்கு எளிய கணக்குப் பொறியை அனுமதித்திருத்தல் பாராட்டத் தக்கது.

'மருத்துவ நுழைவுப் பரீட்சையிலும் பொறியியல் நுழைவுப் பரீட்சையிலும் பொறிக்கு இடமில்லையே. பள்ளியிற் பழக்கிவிட்டால் அங்குத் தடுமாறுவரே' என்று ஒரு தடை எழுப்புவர். அத்தடை பொருளற்றதன்று. அதனாலேயே பௌதிகத்திற்கும் கணிதத்திற்கும் இப்பொழுதே அனுமதி வேண்டும் என்று நாம் வற்புறுத்தவில்லை; வணிகப் பாடத்தோடு தொடங்கியது தக்கதே என்கின்றோம். உத்தேசக் கணக்கிற் பழகியவன் பொறி இருந்தாலும் இல்லாவிடினும் தடுமாறான்.

நம் மீன்பிடி துறைமுகத்தில் மாலைப்பொழுதிற் சென்று நின்றால் ஒன்றைக் காணலாம். விசைப்படகு கரை சேர்ந்து மீன் ஏலம் போனபின், எரியெண்ணெய்ச் செலவையும் பனிக்கட்டிச் செலவையும் தள்ளி, படகுக்குரிய பங்கையும் ஆட்களுக்குரிய பங்கையும் பிரிக்கின்றனர். கணக்கர் கைப்பேசியிலே தட்டிக் கணக்கிடுகின்றார். அருகில் நிற்கும் முதிய மீனவரோ ஏலக்குரல் ஓய்ந்தவுடனேயே தம் பங்கு ஏறத்தாழ இவ்வளவு என்று மனத்துள் முடித்துவிடுகின்றார். கணக்கர் சொல்லும் தொகை அதனை அடுத்து நின்றால் தலையசைக்கின்றார்; விலகி நின்றால், 'தம்பி, இன்னொரு தடவை போட்டுப் பாரு' என்கின்றார். அவர் பொறியை வெறுப்பவருமல்லர், வணங்குபவருமல்லர். அதற்கு மேலாளராய் நிற்பவர். அம்மேலாண்மை இல்லாதவனை, பொறி வைத்திருப்பவன் எவனும் ஏமாற்றலாம். கடன் வட்டியிலும் கூலிக் கணக்கிலும் எளியோர் ஏமாறுவது இதனாலேயே. ஆகவேதான், இக்கேள்வி மதிப்பெண்ணைப் பற்றியது மட்டுமன்று, மானத்தைப் பற்றியதுமாம் என்கின்றோம்.

மாணவ நண்பர்காள்! பொறி உங்கள் கைக்கு வந்துவிட்டது. அதனை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் பொத்தானை அழுத்துமுன் ஒரு நொடி நின்று, விடை எவ்வளவிற்கு அண்மையில் நிற்கும் என்று மனத்துள் ஓர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பொறி காட்டுவதும் மனம் குறித்ததும் அடுத்தடுத்து நின்றால் எழுதுங்கள். அகன்று நின்றால் மீண்டும் பாருங்கள். ஆசிரியப் பெருமக்களும் இவ்வொரு நொடிப் பழக்கத்தை வகுப்புதோறும் வளர்க்கவேண்டும். அளந்து போடும் கை கருவியினுடையதாய் இருக்கலாம். அளவு சரியா என்று அறியும் கண் நம்முடையதாகவே இருத்தல் வேண்டும்.